அருணகிரி போட்ட வட்டங்கள்

அருணகிரி வாயில் பொய் வராது என்று ஆம்பூரில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரைச் சம்பாதித்ததில் அவருக்கு எவ்வளவு பெருமையோ, அந்தப் பேரோடு குடித்தனம் நடத்தியதில் அவர் மனைவி பூர்ணிமாவுக்கு அவ்வளவு பேஜார்.

தோல் கம்பெனியில் செலக்‌ஷன் அவர் வேலை. பதப்படுத்தி, சாயம் ஏற்றி, பளபளவென்று வந்து விழுகிற தோல்களை மேசையில் விரித்துப் பார்த்து, எது ஷூவுக்கு ஆகும், எது பர்சுக்கு ஆகும், எது எதற்குமே ஆகாது என்று பிரிக்க வேண்டும். ஒருதடவை முதலாளியின் மச்சானே மட்டமான தோல் கட்டு ஒன்றுக்காகத் தோளில் கை போட்டு, "இந்த லாட்ட கொஞ்சம் பாத்து விடுப்பா" என்று கேட்டார். "பாத்துட்டேன், அதனாலதான் விடல" என்று சொன்ன ஆள் இவர். சரி, கம்பெனியில் அப்படி இருந்துவிட்டுப் போகட்டும், யார் வேண்டாம் என்றது? வீட்டிலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் மாமியார் ஆசை ஆசையாகக் குழம்பு வைத்து ஊற்றி, "எப்டி இருக்குது மாப்ள?" என்று கேட்டார். "புளி ஜாஸ்தி" என்றார் மாப்பிள்ளை. அந்த அம்மாள் சாகிறவரைக்கும் இவருக்கு எதிரில் குழம்புக் கரண்டியைத் தொடவில்லை.

இப்படிப்பட்ட மனுஷனிடம்தான் பூர்ணிமா தன் படத்தைக் காட்டி, "எப்டி இருக்குது, சொல்லுங்க" என்று கேட்டாள்.

படம் என்றால் நீங்கள் நினைக்கிற படம் இல்லை. மயில் கிடையாது, அருவி கிடையாது, குடம் தூக்கிய பெண் கிடையாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கம்மியான கேன்வாஸ். அடியில் பாலாற்று மணல் நிறம். அதன்மேல் ஒரு கருநீலம் இடது மூலையில் கிளம்பி, ஒரே வீச்சாகப் போய், வலது ஓரத்தில் மோதி உடைந்திருந்தது. நடுவில் காவியும் சிவப்பும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. அக்ரிலிக் பெயிண்டைத் தண்ணீர் விட்டு இளக்கி ஊற்றியதால் அங்கங்கே ஒழுகி இறங்கிக் காய்ந்திருந்தது. அதற்குமேல் காகிதங்கள். ஷூவுக்குள் சுருட்டி வைப்பார்களே, அந்த மெல்லிய வெள்ளைத் தாள், பேட்டர்ன் வெட்டுகிற பழுப்புக் காகிதம், தினசரி காலண்டரில் கிழித்த தேதிகள், முனீர் அகமது கடையில் பொட்டலம் கட்டி வந்த உருது பேப்பர். எல்லாம் கையால் கிழித்து ஒட்டியது. ஒட்டியதைப் பாதி உரித்து, உரித்த இடத்தில் மறுபடி வண்ணம் தடவியிருந்தாள். எதிர்வீட்டுக் கமலம் வந்து இடுப்பில் கைவைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லாதான் இருக்குது பூர்ணி. எப்ப முடிப்ப?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பூர்ணிமா படம் போட வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவள் புருஷனிடம் கேட்ட கேள்வியின் கனம் உங்களுக்குத் தெரியாது. ஷூ கம்பெனியில் இருபது வருஷத்துக்குமேல் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் அவள். அவள் தைத்த ஷூவில் நூல் ஓடிய தடம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். ஒருநாள் வலது கை விரல்கள் மரத்துப்போயின. உதறினால் சரியாகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி மரக்கும். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று சொல்லி வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். வலி போயிற்று, ஊசியில் நூல் கோக்கிற நுணுக்கம் திரும்பி வரவில்லை. கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிற இடத்தில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். கத்தரிக்கோலும் பிடிபடவில்லை. கடைசியில், "வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்றார்கள். யாராவது திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த இரக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"என்னய ரிஜெக்ட் பண்ணிட்டாங்க" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். ஒரு புருஷன் அப்போது என்ன சொல்ல வேண்டும்? 'அவனுங்க கெடக்குறானுங்க, நீ வா' என்று ஒரு வார்த்தை போதாதா? அருணகிரி, "கை செட் ஆவறதுக்கு நாளாவும்னு டாக்டர் அப்பவே சொன்னாரே" என்றார். உண்மைதான். உண்மையை வைத்துக்கொண்டு நாக்கு வழிப்பதா! அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, சும்மா இருக்க முடியாமல் அகலமான பிரஷ் ஒன்றை எடுத்துச் சுவரில் ஒரு இழுப்பு இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விரலுக்கு அதில் வேலையே இல்லை. தோளிலிருந்து வீசினால் போதும், கை தன்பாட்டுக்குப் போயிற்று. அன்றைக்குச் சமையலறைச் சுவர் முழுக்க அவள்தான் அடித்தாள். அதற்கப்புறம் செல்போனில் என்னென்னவோ வீடியோ பார்த்தாள், ஓசூரில் வேலை பார்க்கும் மகள் பெயிண்ட் டப்பாக்கள் வாங்கி அனுப்பினாள், சனிக்கிழமைகளில் வேலூரில் ஹேமலதா மேடம் நடத்தும் ஓவிய வகுப்புக்கு பஸ் ஏறினாள். கத்தரிக்கோல் பிடிக்க முடியாததால்தான் காகிதத்தைக் கிழித்து ஒட்ட ஆரம்பித்தாள். இப்போது ஹேமலதா மேடம் தன்னிடம் படிக்கிறவர்களின் படங்களை வைத்து வேலூரில் ஒரு கண்காட்சி நடத்துகிறார். பூர்ணிமாவின் பெரிய படம் கட்டாயம் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சந்தோஷமாக அனுப்ப வேண்டியதுதானே? அங்கேதான் பூர்ணிமா ஒரு முட்டுக்கட்டை போட்டாள்.

"ஞாயித்துக்கிழம மத்தியானம் படத்த ஏத்த வண்டி வருது. நீங்க பாத்து, அனுப்பலாம்னு சொன்னா அனுப்புவேன். இல்லன்னா செவுத்துப் பக்கமா திருப்பி வெச்சிட்டு இத்தோட வுட்டுடுவேன்" என்றாள்.

"நான் யாரு அதச் சொல்ல? இதப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?"

"எல்லாரும் நல்லாருக்குதுன்றாங்க. கை போன பொம்பள, பாவம்னு சொல்றாங்க. உங்க வாயிலதான் பாவம் புண்ணியம் கெடையாதே. நீங்க சொல்லுங்க."

அருணகிரி ஆடிப்போனார். படத்தைப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னால் அவள் ஒடிந்துபோவாள். நல்லாயிருக்கிறது என்று சொல்லலாம் என்றால், அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறது. "அப்பா, சூப்பர்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயேன், உன் சொத்தா அழியப் போவுது?" என்று மகள் போனில் கத்தினாள். முடியவில்லை, என்ன செய்ய? அதனால் மனுஷன் தொழிலைக் காட்டித் தப்பித்தார். ட்யூப் லைட்டில் செலக்‌ஷன் பண்ணக் கூடாது, பகல் வெளிச்சம் வேண்டும் என்றார். பகலில் மேகமாக இருக்கிறது என்றார். ஒருநாள் கண்ணில் தூசி என்றார். வாரம் முழுக்க இப்படியே இழுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் பளீரென்று அடித்தது. மாதனூரில் சொந்தக்காரப் பிள்ளைக்குக் காதுகுத்து. பூர்ணிமா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"இட்லி டப்பாவுல இருக்குது. வெளிச்சம் நல்லாருக்குது. மேகம் இல்ல, தூசி இல்ல" என்று வாசலில் நின்று சொன்னாள். "நான் வந்து கேப்பேன்."

அவள் குரலில் கிண்டல் இருந்தது. ஆனால் செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டதை அருணகிரி பார்த்துவிட்டார். என் ஒரு வார்த்தைக்காகவா இவ்வளவு பயப்படுகிறாள் என்று நினைத்தபடி அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவைச் சாத்திவிட்டுப் படத்துக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். படம் சுவரில் சாய்ந்து நின்று அவரையே பார்த்தது. இவரும் பார்த்தார். ஒன்றும் ஓடவில்லை. எழுந்து நின்று பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். இருபத்தைந்து வருஷமாக எதையும் மேசையில் படுக்கவைத்தே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நிற்கிற ஒன்றைப் பார்க்கத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு கையாலும் படத்தைத் தூக்கி, ஜன்னலோரம் இருந்த சாப்பாட்டு மேசைமேல் மல்லாத்திப் போட்டார்.

அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது.

தோலைக் கண்ணால் பார்ப்பது பாதி, மீதியை உள்ளங்கைதான் பார்க்கும். அருணகிரி கையைத் துடைத்துக்கொண்டு படத்தின் ஒரு ஓரத்தில் வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். வழவழப்பு, சொரசொரப்பு, மறுபடி வழவழப்பு. மெல்லிய தாள் சுருங்கி ஒட்டிய இடத்தில் விரல் தட்டி நின்றது. அந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். தாளை ஒட்டி, நகர்த்தி, மறுபடி அழுத்தியிருக்கிறாள். அழுத்திய கட்டைவிரலின் பள்ளம் பெயிண்டில் அப்படியே காய்ந்து கிடந்தது. அடுத்த இடத்தில் நீலத்தை வீசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொடர்ந்திருக்கிறாள். முன்பு அடித்தது ஒரு கனம், பின்பு அடித்தது ஒரு கனம். வலித்திருக்குமோ? இன்னொரு இடத்தில் காகிதத்தை ஒட்டி, பிடிக்காமல் பிய்த்து எறிந்து, அந்தக் காயத்தின்மேலேயே சிவப்பை அப்பியிருந்தாள். அருணகிரி மேசையைச் சுற்றி நடந்தார். இந்தப் பக்கம் வந்தால் வெளிச்சம் வேறு மாதிரி விழுந்து, வேறு எதையோ காட்டியது.

இதையெல்லாம் இவள் எப்போது செய்தாள்? நான் அடுத்த அறையில் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்த நேரத்திலா? இத்தனை கோபம், இத்தனை ஆசை, இத்தனை தடவை விழுந்து எழுந்திருப்பது, எல்லாம் ஒரு சுவருக்கு அந்தப் பக்கத்திலேயா நடந்துகொண்டிருந்தது? அவருக்குப் படம் இப்போதும் புரியவில்லைதான். ஆனால் கை வைத்த இடத்திலெல்லாம் பூர்ணிமா இருந்தாள். கண் கலங்கி, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவர் சுற்றிச் சுற்றி வந்தார்.

செல்போன் அடித்தது. வண்டிக்காரன் கோபி. "சார், மத்தியானம் வர்றேன், வழி சொல்லுங்க" என்றான். வழி சொல்லிவிட்டுத் திரும்பிய அருணகிரிக்கு ரத்தம் சுண்டிப்போயிற்று.

படம் முழுக்க வெள்ளி வட்டங்கள்! ஒன்றா இரண்டா? ஜன்னல் வெயிலில் அத்தனையும் மின்னின. தன் வலது கையைப் பார்த்தார். தோலில் குறி போடுகிற சில்வர் பேனா மூடி திறந்தபடி விரல்களுக்கு நடுவில் இருந்தது. மற்றவர்கள் சட்டைப் பையில் சீப்பு வைத்திருப்பார்கள், இவர் இதை வைத்திருப்பார். உண்ணிக்கடி, கீறல், சுருக்கம், அம்மை வடு என்று தோலில் விரல் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு வட்டம். அதற்கு மூளையைக் கேட்கிற பழக்கமெல்லாம் அந்தக் கைக்கு எப்போதோ போய்விட்டது.

அட பாவி மனுஷா!

தோல் என்றால் துணியால் ஒரு தேய் தேய்த்தால் குறி போய்விடும். அவசரமாக ஈரத்துணி கொண்டுவந்து ஒரு வட்டத்தைத் தேய்த்தார். வெள்ளி மை பரவியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மெல்லிய தாள் ஊறி, திரண்டு, துணியோடு வந்துவிட்டது. விரல் நகம் அளவுக்கு ஒரு ஓட்டை. அருணகிரி துணியை நெருப்பு மாதிரி கீழே போட்டார்.

அடுத்த தெருவில் இருந்த தவ்ஃபீக்குக்குப் போன் போட்டார். கம்பெனியில் பினிஷிங் பிரிவில் கலர் கலக்குகிறவர், இவருடைய பழைய தோஸ்த். "பாய், ஓடி வா, கலர் மேட்ச் பண்ணணும், உயிர் போற அவசரம்" என்றார். தவ்ஃபீக் குல்லாவைத் தலையில் சரிசெய்தபடி வந்து சேர்ந்தார். படத்தைப் பார்த்தார், வட்டங்களைப் பார்த்தார், தோஸ்தின் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா பண்ணி வெச்சிருக்க?"

"செலக்‌ஷன் பண்ணிட்டேன்."

"பொண்டாட்டி போட்ட படத்தயா? யா அல்லா! வீட்ல வேற ஆளுங்க யாருனா இருக்காங்களா, இல்ல அவங்களயும் செலக்‌ஷன் பண்ணிட்டியா?"

"நக்கல் அப்பறம் பண்ணு பாய். இந்த நீலத்த கலக்கிக் குடு, மேல தடவி மறைச்சிடறேன்."

தவ்ஃபீக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கலக்கிடலாம். ஈரத்துல ஒரு ஷேடு, காஞ்சா ஒரு ஷேடு. மறைக்க மறைக்க ஜாஸ்தியாதான் தெரியும். அதுவும் இல்லாம, இது அவங்க கை போட்டது. இதுமேல உன் கையும் என் கையும் பட்டா அது திருட்டுத்தனம்" என்றார். "உனக்குத்தான் பொய் வராதே. நடந்தத சொல்லிடு."

"சொன்னா செத்துடுவா பாய்."

"சொல்லலன்னா நீ செத்துடுவ."

வாசலில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. "வந்துட்டாங்கப்பா!" என்று தவ்ஃபீக் பின்பக்கக் கதவு வழியாகப் போய்ச் சேர்ந்தார். ஆபத்துக்கு உதவுகிற நண்பன் என்றால் இப்படித்தான்.

தாம்பூலப் பையும் கையுமாக பூர்ணிமா உள்ளே வந்தாள். முகத்தில் வெயில், தலையில் வாடிய மல்லிகை. மேசையைப் பார்த்ததும் நின்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தாள். ஒவ்வொரு வட்டமாகப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் ஷூ கம்பெனியில் இருந்தவள், வெள்ளி வட்டம் என்றால் குறை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓட்டை விழுந்த இடத்தில் விரலை வைத்தாள்.

அவள் கத்தியிருந்தால் அருணகிரி பிழைத்திருப்பார்.

"சரி, சொல்லிட்டீங்க" என்றாள் மெதுவாக. "கேட்டேன், சொல்லிட்டீங்க. இதுவும் ரிஜெக்ட்டு."

"இல்ல பூர்ணி..."

"பரவால்ல. பொய் சொல்லாததுக்குத்தான் உங்களக் கேட்டேன். ஆனா இவ்ளோ இருக்கும்னு நெனைக்கல." படத்தின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். வலது கை வழுக்கியது, இடது கையால் பிடித்தாள். "ஒரு கை புடிங்க. செவுத்துப் பக்கமா திருப்பி வெச்சிடலாம். அந்த வண்டிக்காரருக்குப் போன் பண்ணி வரவேணாம்னு சொல்லிடுங்க."

அருணகிரி படத்தின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி நின்றுகொண்டார். வாழ்நாளில் வீட்டுக்குள் குரலை உயர்த்தாத மனுஷன் அன்றைக்குக் கத்தினார்.

"தள்ளுற தோலுக்கு எவனாவது வட்டம் போடுவானா?"

பூர்ணிமா திகைத்துப் பார்த்தாள்.

"நீ தையல்ல இருந்தவ, கட்டிங்குக்கு வர்ற தோலத்தான் பாத்திருப்ப. என் மேசையப் பாத்ததில்ல. தள்ளுற தோலுக்கு மையே செலவு பண்ண மாட்டோம். எடுத்தமா, பாத்தமா, ஒரு ஓரமா வீசனமா, அவ்ளோதான். எது வேணுமோ, எத வுட மனசு வரலயோ, அதத்தான் இஞ்சு இஞ்சா பாத்து வட்டம் போடுவோம். இந்த எடத்துல பாத்து போ, கத்தி படப்போவுதுன்னு வெட்டறவனுக்குச் சொல்றதுதான் அது." மூச்சு வாங்கியது அவருக்கு. "கை பழக்கம் பூர்ணி. வேணும்னு பண்ணல. அழிக்கப் போயி ஓட்ட பண்ணிட்டேன். அது தப்பு, செருப்பால அடி, வாங்கிக்கிறேன். ஆனா ரிஜெக்ட்டுன்னு மட்டும் சொல்லாத."

பூர்ணிமாவின் பார்வை அலமாரிமேல் இருந்த இட்லி டப்பாமீது போயிற்று. மூடி திறக்கவே இல்லை.

"சாப்புடல?"

"மறந்துட்டேன்."

"எவ்ளோ நேரம் பாத்தீங்க?"

"நீ போனதுலேர்ந்து."

"ஒரு தோலுக்கு எவ்ளோ நேரம் ஆவும் உங்களுக்கு?"

"அர நிமிஷம்" என்றார் அருணகிரி.

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டும்தான். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இங்க வாங்க. ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்றாள்.

அருணகிரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விரலால் காட்டினார். "இங்க கைய நிறுத்திட்டு, அப்பறமாத்தான் தொடர்ந்திருக்க. வலிச்சுதா?"

"வலிச்சுது."

"அன்னிக்கு நான் எங்க இருந்தேன்?"

"நியூஸ் பாத்துனு இருந்தீங்க."

"இங்க கோவமா இருந்திருக்க."

"ஆமா."

"யாரு மேல?"

"வேற யாரு மேல? உங்க மேலதான்."

"சரி" என்றார். அடுத்த வட்டத்துக்குப் போனார். சிவப்பு ஒழுகி இறங்கி, காலண்டர்த் தாளின் மேல் வந்து நின்ற இடம். "இங்க இன்னான்னு தெரியல."

"இங்க சந்தோஷமா இருந்தேன். அதுக்கும் வட்டம் போட்டு வெச்சிருக்கீங்க."

"எது கோவம், எது சந்தோஷம்னு எனக்குப் பிரிச்சிப் பாக்கத் தெரியல பூர்ணி. கைய வெச்சா எங்கெல்லாம் மனசு என்னமோ ஆச்சோ, அங்கெல்லாம் போட்டுட்டேன்."

பூர்ணிமா எழுந்துபோய் பட்டுப்புடவையை மாற்றி நைட்டியை மாட்டிக்கொண்டு, பெயிண்ட் டப்பாக்களும் பசையும் ஒரு கட்டு மெல்லிய தாளுமாக வந்தாள். ஓட்டை விழுந்த இடத்தில் தாளைக் கிழித்து வைத்து, "அழுத்திப் புடிங்க. தேய்க்காதீங்க, புடிங்க" என்றாள். அவர் பிடித்தார். சில வட்டங்களைத் தாள் ஒட்டி மூடினாள், சிலவற்றின்மேல் அகல பிரஷ்ஷால் ஒரு வீச்சு வீசினாள். இரண்டு மூன்றை அப்படியே விட்டாள். அது ஏன் என்று அவர் கேட்டதற்கு, "அது என் இஷ்டம்" என்றாள். ஒரு வட்டத்துக்காக இரண்டு பேருக்கும் சண்டைகூட வந்தது. அந்த இடத்தில் காகிதம் சரியாக ஒட்டவில்லை, நாளைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடும் என்றார் இவர். அது தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி ஒட்டினேன் என்றாள் அவள். கடைசியில் அவள் சொன்னதுதான் நடந்தது.

பெயிண்ட் காய்வதற்கும் கோபியின் குட்டி யானை சரக்கு வண்டி வாசலில் வந்து ஹாரன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. பூர்ணிமா கையைத் துடைத்துக்கொண்டு புருஷனுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"இப்ப சொல்லுங்க. அனுப்பலாமா, வேணாமா?"

அருணகிரி படத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மாதக்கணக்கில் படம் சாய்ந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பு லேசாக உரிந்திருந்தது.

"அங்க போனா, திரும்பி வருமா?" என்று கேட்டார்.

"யாருக்கும் வேணான்னா வரும். யாருனா ஆசப்பட்டு வாங்கிட்டா வராது."

"அப்ப விக்கறதுக்கு இல்லன்னு சொல்லிடு."

"இன்னாங்க?"

"எத்தினியோ தோல் என் கையில வந்து போயிருக்குது. போவட்டும்னு வுட்டிருக்கேன். ஒண்ணயும் வீட்டுக்கு எடுத்துனு போவணும்னு தோணினதில்ல." சுவரில் உரிந்த இடத்தைத் தொட்டார். "இது எனக்குப் புரியல பூர்ணி. ஆனா இது இல்லன்னா இந்த வீடு எனக்கு வெறிச்சுனு ஆயிடும். போயி எல்லாரும் பாக்கட்டும். பாத்துட்டுக் குடுத்துடணும்."

மாமியார் குழம்பு வைத்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒருத்தரும் இந்த மனுஷனிடம் இப்படி ஒரு வார்த்தையை வாங்கியதில்லை. பூர்ணிமா அவர் நெற்றியில் ஒட்டியிருந்த நீலப் பெயிண்டை நைட்டிக் கையால் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள், அது போனபிறகும். அப்புறம் சேலை மாற்ற உள்ளே ஓடினாள்.

படத்தைப் பழைய போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றி, கோபி கயிறு போட்டுக் கட்டினான். அருணகிரி கயிற்றை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அப்புறம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் ஏறிவிட்டார்.

"ஏங்க, எங்க ஏர்றீங்க? சட்ட பட்டன்கூட மாத்திப் போட்டிருக்கீங்க!"

"கயிறு லூசா இருக்குது. பள்ளிகொண்டா தாண்டறதுக்குள்ள ஓரம் அடிபட்டா நீயா பதில் சொல்லுவ?"

"சார், வேலூர் வரைக்கும் நின்னுனேவா வருவீங்க?" என்றான் கோபி.

"நீ முன்னால பாத்து ஓட்டு."

பூர்ணிமா இட்லி டப்பாவை அவர் கையில் திணித்துவிட்டு டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. பூர்ணிமா பின்னால் இருந்த சின்ன ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். அருணகிரி டப்பாவைத் திறக்கவில்லை. ஒரு கையால் படத்தை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் போர்வையின் ஓரத்தை விலக்கி, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் அவர் சட்டை படபடவென்று அடித்தது.

கோபி கண்ணாடியில் அதைக் கவனித்துவிட்டு, "அதுல இன்னா மேடம் இருக்குது, சாரு அப்டி பாக்குறாரு?" என்று கேட்டான்.

"மெதுவாப் போ தம்பி" என்றாள் பூர்ணிமா. "பின்னால இருக்குறது ரெண்டும் எனக்கு முழுசா போய்ச் சேரணும்."